“தண்ணி போக வழி விடணும்மா!”

போன வருஷம் ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் மாமனாரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றக் காத்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் அவருடைய செருப்பைக் கழற்றி, காலுறையை உருவினேன். பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். உள்ளே இருந்த கட்டும் ஊறிப்போயிருந்தது.

“என்ன மாமா, எங்கே தண்ணியில கால் வெச்சீங்க?”

“எங்கேயும் வைக்கலையேம்மா” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. இருபது வருஷச் சர்க்கரை நோய் அவருடைய பாதத்தின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டுவிட்டது. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. கட்டு மாற்றிய சிஸ்டர், “ஈரத்துல இருந்தா இந்தப் புண்ணு ஆறாதும்மா. பெரிசானா விரலுக்கே ஆபத்து” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வெளியே வந்து காரின் முன் கதவைத் திறந்து, இடது பக்க மேட்டைத் தூக்கி, அடியில் இருந்த கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பார்த்தேன். விரல்களுக்கு நடுவே தண்ணீர் எழும்பி வந்தது. திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர் வர அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் மனிதர் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு, என்னிடம் பழைய சினிமாக் கதை பேசிக்கொண்டு வந்திருக்கிறார்.

மூன்று ஷெட், மூன்று பதில்

இந்த காரை வாங்கியதே மாமாவின் காலுக்காகத்தான். வாராவாரம் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோவில் மழை அடிக்கும். சீட்டு எடுத்த பணத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கொடுத்து, 11 வருஷப் பழைய சின்ன காரை வாங்கினோம். நாங்கள் மூன்றாவது ஓனர். வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது.

ஆடி மாதம் முதல் மழையிலேயே உள்ளே ஒரு பூஞ்சை வாடை. இடது பக்கம் கால் வைக்கிற இடம் நசநசவென்று இருந்தது. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஷெட்டில் காட்டினேன். “ஏசி தண்ணி மேடம். வெளியே போற டியூப் அடைச்சிருக்கு” என்று ஊதி விட்டார்கள். 600 ரூபாய். அடுத்த மழைக்கு மறுபடி ஈரம். இரண்டாவது ஷெட்டில், “கண்ணாடி ஓரமா வருது” என்று முன் கண்ணாடியைச் சுற்றி சிலிகான் பூசினார்கள். 1,800 ரூபாய். மறுபடி ஈரம். மூன்றாவது ஷெட்டில், “கீழேருந்து ஏறுது. எல்லா ஓட்டையையும் அடைச்சிட்டோம். இனிமே ஒரு சொட்டு வராது” என்று சொல்லி, தடிமனான ஸ்பாஞ்ச் வைத்து மேலே புது மேட்டும் போட்டுக் கொடுத்தார்கள். 3,500 ரூபாய்.

அந்தப் புது மேட்தான் என்னை ஏமாற்றியது. மேலே காய்ந்தே இருந்ததால், சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன். அடியில் இருந்த ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாரம் வைத்து அழுத்தியபோதுதான் அது மேலே வந்தது. அந்தப் பாரம் மாமாவின் கால்.

பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு குண்டைப் போட்டார். “2023 வெள்ளத்துல மூழ்கின வண்டியா இருக்கப் போவுதுங்க. பார்த்து வாங்கினீங்களா?” அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் எங்கள் பக்கத்தை என்ன செய்தது என்று நான் மறக்கவில்லை. எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் புகுந்து, சுவரெல்லாம் கறுப்புக் கோடு போட்டிருந்தது. அப்படி ஒரு தண்ணீரில் நின்ற வண்டி என்றால், கொடுத்த பணம் போனதுதான். இன்னொரு சீட்டு எடுக்க எங்களால் முடியாது.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பெரம்பூர்ல ஒரு டிங்கர் இருக்கான். அவங்கப்பாவும் நானும் ஒரே ஷாப்ல வேலை பார்த்தோம். அவன்கிட்ட விட்டுப் பார்ப்போம்” என்றார்.

மூன்று ஸ்டேஷன் உள்ள ஊர்

தண்டையார்பேட்டை தாண்டி, எருக்கஞ்சேரி ஹை ரோடு வழியாக வியாசர்பாடியைக் கடந்து பெரம்பூருக்குள் நுழைந்தோம். பிரம்பு வளர்ந்த ஊர் என்பதால் பெரம்பூர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரம்பு ஈரம் உள்ள இடத்தில் வளர்வது. இன்றைக்குப் பெரம்பூரில் பிரம்பு இல்லை. ஈரம் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் வந்துவிடுகிறது.

ஒரே ஊர் பெயரில் வரிசையாக மூன்று ரயில் நிலையங்கள் இங்கே உண்டு. பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். பின்னால் உள்ள இரண்டும் பட்டறைகளின் பெயர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அதே வருஷம்தான் அன்றைய மெட்ராஸ் ரயில்வே பெரம்பூரில் பழுது பார்க்கும் பட்டறையைத் தொடங்கியது. ரயில் ஓட ஆரம்பித்த அன்றே அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது! அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1955 அக்டோபர் 2 அன்று, பக்கத்திலேயே ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். வந்தே பாரத் ரயிலின் முதல் பெட்டிகள் 2018இல் வந்தது அங்கிருந்துதான்.

பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்த ஷெட். தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், உள்ளே வயிறு திறந்து கிடக்கிற நான்கு வண்டிகள். டிங்கர் அண்ணாவுக்கு அறுபதை நெருங்கும் வயசு. மாமாவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

“வாங்க பெரியப்பா. கால் எப்டி கீது?”

“காலுக்காகத்தாம்பா இந்த வண்டி. வண்டிக்காகத்தான் உங்கிட்ட வந்திருக்கேன்.”

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று முதலில் பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவர் கேள்வியே கேட்காமல் வேலையில் இறங்கினார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சுருண்டு கிடந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டெப்னி டயரை எடுத்து அடியில் வண்டல் இருக்கிறதா என்று தடவினார். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து, கைக்கு எட்டாத மூலைகளைப் பார்த்தார். டிரைவர் சீட்டுக்குக் கீழே உள்ள ஸ்க்ரூக்கள் துருவா என்று பார்த்தார்.

“மூழ்கின வண்டி இல்லம்மா. மூழ்கியிருந்தா ரெண்டு பக்கமும் அடையாளம் இருக்கும். மேல துடைச்சிருவாங்க, பெல்ட்டுக்குள்ள துடைக்க மாட்டாங்க. இது ஒரு பக்கம் மட்டும் ஊறின வண்டி. எந்தத் தண்ணினு கண்டுபிடிச்சா போதும்.”

அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன்.

கார்ப்பெட்டுக்கு அடியில்

அடுத்து அவர் செய்தது, கார்ப்பெட்டிலிருந்த தண்ணீரைத் தொட்டு முகர்ந்து பார்த்தது. “ரேடியேட்டர் தண்ணி உள்ள கசிஞ்சா பச்சையோ சிவப்போ கலர் இருக்கும், வழவழப்பா இருக்கும், இனிப்பு வாசனை அடிக்கும். இது அது இல்ல. ஏசி தண்ணினா வெயில் நாள்லயும் நனையணும். உங்க வண்டி மழைக்கு மட்டும் நனையுது. அப்போ இது மழைத் தண்ணி.” மூன்று ஷெட்டிலும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி, ‘எப்போது நனைகிறது?’ என்பதுதான்.

முன் சீட்டைக் கழற்றினார்கள். புது மேட், ஸ்பாஞ்ச், கார்ப்பெட் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கார்ப்பெட்டின் அடியில் ஒட்டியிருந்த பஞ்சு தோய்ந்த துணி மாதிரி தொங்கியது. அதற்கும் கீழே, வண்டியின் தரையில் ஒரு தகரத் துண்டை ரிவெட் அடித்து, மேலே தார் பூசியிருந்தார்கள். தகரத்தை நெம்பி எடுத்ததும் அடியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓர் ஓட்டை. சுற்றிலும் துரு, பிஸ்கட் மாதிரிப் பொடிந்தது.

“இந்த இடத்துல ஒரு ரப்பர் மூடி இருந்திருக்கணும். எவனோ தொலைச்சிட்டான். பத்திருபது ரூபா மூடி. அதுக்குப் பதிலா தகரம் வெச்சு தார் ஊத்தினான். ரெண்டு தகடுக்கு நடுவுல போன தண்ணி வெளியவே வரல. உள்ளேயே உக்காந்து தின்னுடுச்சு.”

ஓரமாகப் போகும் ஒயர் கட்டின் சாக்கெட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் விளக்கோ ஹாரனோ நடுரோட்டில் நின்றிருக்கும் என்றார். சீட் பொருந்தும் இடம் நன்றாக இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்தார். டங் டங் என்று கெட்டியாக ஒலித்தது. “இங்க துரு வந்திருந்தா நானே வண்டிய காயலான் கடைல போடச் சொல்லிருப்பேன். பிரேக் அடிச்சா சீட்டோட ஆள் போயிடுவாங்க.”

இடது பக்க மட்கார்டு ஒருமுறை எங்கேயோ இடித்து, வெளியே பட்டி போட்டு பெயின்ட் அடித்திருப்பதையும் காட்டினார். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே தகடுகள் சேரும் இடத்தில் சீலர் போடாமல் அப்படியே விட்டிருந்தார்கள். “விக்கிறதுக்கு பண்ண வேலைம்மா. ஓட்டறதுக்கு பண்ண வேலை இல்ல.”

நாங்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பெரம்பூர் மேம்பாலத்தில் ஏறும்போது கீழே தண்டவாளங்கள் மழையில் மின்னின. மாமா கேரேஜ் ஒர்க்ஸ் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ரயில் பெட்டிகள் அங்கே வரும். அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, துருப்பிடித்ததை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பார்கள்.

“பழைய பெட்டியில துரு எங்கே முதல்ல பிடிக்கும் தெரியுமா? பாத்ரூமுக்கு அடியில, கதவு வாசல்ல. தண்ணி எங்கே நிக்குதோ அங்கே. மேலே எவ்வளவு அழகா பெயின்ட் அடிச்சிருந்தாலும், நாங்க தரையைப் பிரிச்சுப் பார்க்காம விட மாட்டோம். மேலேயே ஒட்டுப் போட்டு அனுப்பினா நம்மள யார் கேட்கப் போறாங்க? ஆனா அதுல ஆயிரம் பேர் ஏறுவாங்களேம்மா.”

அன்று கட்டு மாற்றியபோது சிஸ்டர் புண்ணை உற்றுப் பார்த்து, “பரவாயில்ல, கீழ போகல” என்றார்.

எங்கே அடைத்திருந்தது?

மூன்றாம் நாள் பெரிய மழை. திருவொற்றியூரிலிருந்து ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் மாறிப் பெரம்பூர் போனேன். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று ஜன்னலுக்கு வெளியே தாழ்வான தெருக்கள் எல்லாம் முழங்கால் தண்ணீரில் இருந்தன. கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிட்டதாக ரயிலில் பேசிக்கொண்டார்கள். வட சென்னைக்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. பெரிய மழை என்றால் முதலில் மூடுவது அதைத்தான்.

ஷெட்டில் டிங்கர் அண்ணா எனக்காகவே ஒன்றை எடுத்து வைத்திருந்தார். ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறைய, கறுத்து மட்கிய இலைகள்.

“இதான் உங்க வண்டி வியாதி.”

வைப்பருக்குக் கீழே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும், பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் வழியும் மழை அதற்குள்தான் இறங்கும். உள்ளே ஒரு தொட்டி மாதிரிப் பள்ளம். இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வெளியேற வழி இருக்கும். எங்கள் காரை நிறுத்தும் இடத்தில் ஒரு பெருங்கொன்றை மரம். மஞ்சள் பூவும் பொடி இலையுமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அவை மூடியின் துளை வழியாக இறங்கி, இடது பக்க வழியை அடைத்திருக்கின்றன. வழி இல்லாத தண்ணீர் மட்டம் உயர்ந்து, ஏசி காற்று உள்ளே போகும் துவாரம் வழியாக நேராக மாமாவின் காலடியில் விழுந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. கதவைத் திறந்து அடிப்பகுதியைக் காட்டினார். அங்கே இருக்க வேண்டிய சின்னத் துளைகள் எல்லாம் சிலிகானால் அடைக்கப்பட்டிருந்தன. “கதவு கண்ணாடிய ஒட்டி மழைத் தண்ணி கதவுக்குள்ள இறங்கும். எல்லா வண்டிலயும் இறங்கும், தப்பே இல்ல. கீழ ஓட்டை வழியா போயிடும். உங்க வண்டில ஸ்பீக்கர் வெச்சவன் உள்ள இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்ட கிழிச்சிட்டான். அப்புறம் வந்தவன் கீழ ஓட்டைய அடைச்சிட்டான். கதவே தண்ணித் தொட்டி ஆயிடுச்சு.”

“ஓட்டை இருந்தா தண்ணி வரும்னு அடைச்சிருப்பாங்க அண்ணா.”

“அதாம்மா எல்லாரும் பண்ற தப்பு. வண்டி செஞ்சவன் முட்டாள் இல்ல. மழைய தடுக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். தண்ணி போக வழி விடணும்மா. அடைக்கிற இடம் வேற, திறந்து வெக்கிற இடம் வேற. அது தெரியாம சிலிகான் டியூப கைல எடுக்கக் கூடாது.”

சந்து முனையில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தேன். வியாசர்பாடிப் பக்கம் விழும் மழை கேப்டன் காட்டன் கால்வாயில் இறங்கி, பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, எங்கள் திருவொற்றியூரை ஒட்டி ஓடி, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். வழியெல்லாம் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் சேறும். ஒவ்வொரு தெருவிலும் வீட்டு வாசலை ஒரு படி உயர்த்திக் கட்டுகிறோம். அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. என் காரில் மூன்று ஷெட்காரர்கள் செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

ஓஸ் பைப் பரீட்சை

வேலை நான்கு நாள் நடந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, துருப்பிடித்த தரையை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்தார்கள். புதுத் துண்டை வெல்டிங் வைத்து, ப்ரைமர் அடித்து, தகடுகள் சேரும் இடமெல்லாம் சீலர் பூசினார்கள். ரப்பர் மூடியைப் புதுப்பேட்டையிலிருந்து வாங்கி வந்து, அதன் இடத்தில் பொருத்தினார்கள். கதவுத் துளைகளைத் திறந்து, உள்ளே புது ஷீட் ஒட்டினார்கள். கார்ப்பெட்டை அலசி, பேன் போட்டு இரண்டு நாள் காய வைத்தார்கள். எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். முன்பு மூன்று ஷெட்டில் கொடுத்த 5,900 தண்டம்.

கார்ப்பெட்டைத் திரும்பப் போடுவதற்கு முன்னால்தான் பரீட்சை. தரை முழுக்க முகப் பவுடரைத் தூவினார். ஒரு பையன் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்தான். வெளியே ஓஸ் பைப். “வேகமா அடிக்காத. மழை எப்படி விழுமோ அப்படி விடு” என்றார். முதலில் கதவின் அடிப்பகுதி, பத்து நிமிஷம். பிறகு கதவுக் கண்ணாடி, பத்து நிமிஷம். பிறகு வைப்பர் பக்கம், கடைசியில் கூரை. எடுத்ததுமே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எங்கே கசிகிறது என்று தெரியாதாம். அதனால் கீழிருந்து மேலே.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ரயில் பெட்டிக்கும் இப்படித்தாம்மா. மழை மாதிரி நாலு பக்கமும் தண்ணி அடிச்சுப் பார்ப்பாங்க. பாஸானாத்தான் வெளியே போகும்.”

வைப்பர் பக்கம் விட்டபோது சக்கரத்துக்குப் பின்னாலிருந்து தண்ணீர் சளசளவென்று தரையில் கொட்டியது. நான் பதறினேன். டிங்கர் அண்ணா சிரித்தார். “அது கொட்டணும்மா. கொட்டலைன்னாதான் பயப்படணும்.”

உள்ளே பவுடர் பவுடராகவே இருந்தது.

பழைய கார் வைத்திருக்கும் நம் வாசகர்களுக்கு அவர் சொன்ன நாலு வார்த்தை. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை வைப்பர் பக்கத்து மூடியிலிருந்து இலைகளைப் பொறுக்கி எடுங்கள். கதவின் அடியில் உள்ள துளைகளைப் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால், மழை நாளிலா ஏசி ஓடும்போதா என்று ஒரு வாரம் குறித்துவைத்துவிட்டு ஷெட்டுக்குப் போங்கள். ‘கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டுங்கள்’ என்று பழைய வண்டி வாங்கும்போதே கேளுங்கள். தூக்கிக் காட்ட யோசிப்பவரிடம் வாங்காதீர்கள்.

திரும்பும்போது வியாசர்பாடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார் மாமா. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் அங்கே குடியேறியதால் அத்தோ கடைகள் உண்டு. “உங்களுக்கு ஆகாது” என்றேன். “எனக்கில்லம்மா, பசங்களுக்கு” என்றார். பார்சலில் கால்வாசி வீட்டுக்கு வருவதற்குள் குறைந்திருந்தது. நான் கேட்கவில்லை.

கார்த்திகை வரை மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் கிளம்பும்போது மாமா காலடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்துக்கொள்வார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் குனிந்து அந்தக் காகிதத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். காலுக்குத்தான் தெரியாது, கைக்குத் தெரியுமே. பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்.

மார்கழியில் புண் மூடிவிட்டது. காகிதம் விரிப்பதை அவர் இன்னும் நிறுத்தவில்லை.